கவர்னருக்கு ஒழுக்கம் பழக்கியது

விசுவாசத்தின் விலை நாலு லட்சத்து எழுபத்தையாயிரம் ரூபா. கொழும்பிலிருந்து ஏற்றிவரும் வேன் கூலி புறம்பு. பேரம் பேசிப் பார்த்தார்கள். விசுவாசத்தில் கழிவு கிடையாது, வேண்டுமானால் ஒரு தடுப்பூசியைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்றாராம் குட்டி விற்றவர். சீனிக்கொல்லைத் தோட்டத்துக் கம்பனி ஒப்புக்கொண்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைக்கு நாலு தகரம் கேட்டால் மூன்று வருடம் யோசிக்கிற கம்பனி, இதை ஒரு பின்னேரத்துக்குள் யோசித்து முடித்தது என்றால், குட்டியின் முகராசியை நீங்களே கணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கிரேட் டேன் சாதி. பால்பல் விழாத பருவம். ஆனால் நின்றால் கன்றுக்குட்டி, படுத்தால் கட்டில். பாதம் ஒவ்வொன்றும் ஒரு சிரட்டை அளவு. கழுத்துப் பட்டையில் பித்தளைத் தகட்டில் 'கவர்னர்' என்று பெயர் வெட்டியிருந்தது.

அப்புத்தளைக்கு மேலே பனிக்குள் நிற்கும் பெரிய பங்களாவைச் சுற்றுலாக்காரர் தங்கும் ஹோட்டலாக்குவது கம்பனியின் திட்டம். சேர்மன் ஸ்கொட்லாந்துக்குப் போனபோது இப்படியொரு பங்களாவைப் பார்த்திருக்கிறார். அதன் வராந்தாவில் ஒரு பெரிய நாய் மரியாதையாகப் படுத்திருந்ததாம். பனி இங்கேயும் இருக்கிறது, வராந்தாவும் இருக்கிறது, குறைவது மரியாதை தெரிந்த நாய் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து, தலைமைக் காரியாலயத்தில் 'நல்லொழுக்கப் பிரிவு' என்று ஒரு புதுப் பிரிவையே திறந்தார். அதற்குப் பணிப்பாளர் வந்தார், உதவிப் பணிப்பாளர் வந்தார், சின்னம் வந்தது, சின்னம் அச்சிட்ட குடை வந்தது. வேலை செய்ய ஓர் ஆள் வேண்டுமே என்ற யோசனை கடைசியாக வந்தது. அதற்குக் கபிரியேலைப் பிடித்தார்கள்.

கபிரியேல் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியின் தலையை வெட்டுவது தொழில். மற்றபடி எவர் தலைக்கும் நேராக நின்று பேசியறியாதவன். தோட்டத்து மனேஜரான பெரிய தொரை அவனைக் காரியாலயத்துக்குக் கூப்பிட்டார்.

"கபிரியேல், ஒனக்கு நாய்க்குப் பயமா?"

"இல்லீங்க தொரை."

"நாய் ஒனக்குப் பயப்படுமா?"

"எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் பயந்ததில்லீங்க தொரை."

"பரவாயில்ல. அதுக்குத்தான் பயிற்சி. சேர்மன் வர்ற அன்னிக்குப் பரீட்சை. கவர்னர் பாஸானா, காணி குடுக்கிறப்ப மொதப் பேரு ஒன்னுது. வீடும் கட்டித் தருவோம். பெயிலானா... பெயிலாகாது, என்ன?"

கபிரியேல் அந்த இடத்திலேயே தலையாட்டினான். அவன் இருந்தது லயத்தின் தொங்கல் காம்பரா, வரிசையின் கடைசி அறை. போன மழைக்கு மண்மேடு சரிந்து வந்து, பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டது. சுவரில் கை நுழையும் வெடிப்பு. பரிசோதிக்க வந்த அதிகாரிகள் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள். 'உடனே வெளியேறுங்கள்' என்றார்கள். சொல்லிவிட்டு அவர்கள் உடனே வெளியேறினார்கள். கபிரியேலுக்கும் மனைவி ஜெபமலருக்கும் மகள் ஜெசிந்தினிக்கும் வெளியேறிப் போக ஒரு வெளி இல்லை. பங்களாவுக்குக் கீழே இருந்த சமதரையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஆளுக்கு ஏழு பேர்ச், அதாவது ஒரு சின்ன வீடு கட்டும் அளவு காணி என்பது பேச்சு.

அந்தச் சமதரையில் முதலில் எழும்பியது கவர்னரின் வீடு. ஓட்டுக்கூரை, மாபிள் தரை, பின்னால் கருங்கல் பதித்த காப்புச் சுவர். உயர்சாதி நாய்க்கு மண்சரிவு அதிர்ச்சி ஆகாது என்று மிருக வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஏங்க, நாயிக்குச் சொவத்துக்குச் சொவரு," என்றாள் ஜெபமலர். "நமக்கு இருக்கிற ஒரு சொவத்தையும் மண்ணுதான் புடிச்சுக்கிட்டு நிக்குது. அந்த மண்ணுக்காவது ஒரு பேரு போடச் சொல்லுங்க."

பேர் போடுவது என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைக் கணக்கில் சேர்ப்பது. மண்ணுக்குப் பேர் விழவில்லை, நாய்க்கு விழுந்தது. கம்பனியின் செலவுத் தலைப்புகளில் நாய்த் தீனிக்குத் தலைப்பு இல்லாததால், கணக்குப்பிள்ளை கவர்னரைத் தொழிலாளியாகப் பதிந்துவிட்டார். காலைப் பெரட்டில் எல்லோர் பெயரையும் கூப்பிடும்போது கங்காணி "கவர்னர்!" என்பார். "வந்திருக்காருங்க" என்று கபிரியேல் சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடை நிறை குறைந்த பெண்களுக்கு அரைப் பேர் விழுந்த நாட்களில்கூடக் கவர்னருக்கு முழுப் பேர் விழுந்தது. தொழிற்சங்கம் சந்தா பிடித்துக்கொண்டது. உறுப்பினர்களில் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்காதவர் அவர் ஒருவர்தான் என்று தலைவர் மேடையில் பாராட்டினார்.

பயிற்சி அதிகாரியாக வந்தவர் ஜேசன். பண்டாரவளை டவுன் பிள்ளை. நாய் மனோதத்துவத்தில் இன்டர்நெட் மூலம் டிப்ளோமா எடுத்தவர். நாய் வளர்த்ததில்லை, மனைவிக்குத் தும்மல் வருமாம். புல்வெளியில் கபிரியேலையும் கவர்னரையும் எதிரெதிரே நிறுத்தினார்.

"அண்ணே, கட்டளைன்னா ஒரே சொல்லு. ஸிட். அதிகாரமாச் சொல்லணும். சொல்லுங்க பாப்போம்."

கபிரியேல் நாயைப் பார்த்தான். நாய் அவனைப் பார்த்தது. தொரையின் நாய். அதைப் போய் எப்படி ஒருமையில் கூப்பிடுவது? அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"கவர்னருங்களா... கொஞ்சம் ஒக்காருறீங்களா?"

கவர்னர் பொத்தென்று உட்கார்ந்தது.

ஜேசன் தலையில் கை வைத்தார். "பூஜ்யம்! பூஜ்யம்!"

"ஒக்காந்துட்டாருங்களே சார்?"

"அண்ணே, கட்டளைக்கு ஒக்காரணும். கேட்டதுக்கு ஒக்காந்தா அது ஒதவி. ஒதவி வேற, கீழ்ப்படிதல் வேற. ஒதவி செய்ற நாய வச்சிக்கிட்டு கம்பனி என்னா செய்றது? இன்னிக்கு ஒதவி செய்யும், நாளைக்கு முடியாதுன்னு சொல்லும்."

கபிரியேலுக்கு அதிகாரம் பழக்க ஒரு வாரம் ஒதுக்கினார்கள். தேயிலைச் செடி ஒன்றைப் பார்த்து "ஸிட்" என்று கத்தச் சொன்னார்கள். அவனுக்கு வாய் வரவில்லை. வந்தபோது 'ங்க' சேர்ந்தே வந்தது. இந்த அதிகாரம் நாயிடம் மட்டும், வேலை நேரத்தில் மட்டும், வேலிக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயம் வேறு. வாரக் கடைசியில் ஜேசன் கையை விரித்தார்.

"கட்டளை போட வராதவங்க ரெண்டு வகை. ஒண்ணு ஊமை. மத்தது தோட்டத்து ஆள். ரெண்டுக்கும் ஒரே வழிதான் இருக்கு, செஞ்சு காட்டுறது. இனிமே கட்டளையை நான் போடுறேன். நீங்க செய்ங்க. நாய் பார்த்துப் பழகும்."

அன்றிலிருந்து ஜேசன் "ஸிட்" என்றால் கபிரியேல் உட்கார்ந்தான். "கம்" என்றால் ஓடி வந்தான். மேசையில் வைத்த சாப்பாட்டைப் பார்த்தும் பாராமல் இருக்கப் பழகினான். அதில் அவனுக்கு முன் அனுபவம் இருந்ததால் சீக்கிரமாகத் தேறினான். விருந்தினர் மேல் பாயக்கூடாது என்ற பாடத்தை முதல் நாளே முடித்தான். சரியாகச் செய்தால் வெளிநாட்டு நாய் பிஸ்கட் ஒன்று கிடைக்கும். "பிஸ்கட் கீழ்ப்படிஞ்சவருக்குத்தான். பார்த்துக்கிட்டு இருந்தவருக்குக் குடுத்தா கொள்கை ஒடஞ்சிரும்," என்றார் ஜேசன். அது உப்பில்லாத கருவாடு மாதிரி இருந்தது. ஜேசன் திரும்பியபோது கபிரியேல் பாதியைக் கவர்னருக்குக் கொடுத்தான். கவர்னர் மரியாதையாக வாங்கிக்கொண்டது.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் 'ஸ்டே'. சொன்ன இடத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். யார் ஸ்டே சொன்னாரோ அவரே 'ஃப்ரீ' என்று சொல்லும்வரை இடி விழுந்தாலும் எழும்பக்கூடாது. வேறு ஆள் சொல்லி எழும்பினால் பெயில். கபிரியேல் உட்கார்ந்திருப்பான். கவர்னர் கொஞ்ச நேரம் அவனைப் பார்க்கும், பிறகு அட்டைப்பூச்சி ஒன்றை முகர்ந்துகொண்டு போய்விடும்.

"பாத்தீங்களா, கவனிக்குது," என்பார் ஜேசன்.

கவர்னருக்கு மாட்டிறைச்சி கொண்டுவருகிறவர் பதுளை லத்தீப். தொட்டிலைத் தொட்ட கையால் தராசைத் தொட்டு வளர்ந்த யாவாரக் குடும்பம். வேனிலிருந்து இறங்காமலே பொதியை நீட்டுவார்.

"கபிரியேல்ண்ணே, நாயப் பின்னுக்குப் புடிங்க. அது நக்கினா எங்கட மார்க்கத்துல நான் ஏழு தரம் கழுவணும், அதுல ஒரு தரம் மண்ணு போட்டு. ஒங்கட மலையில மண்ணுக்குப் பஞ்சமில்ல, அது தானா வீட்டுக்கு வருது. தண்ணிக்குத்தான் இவனுகள் பில்லுப் போடுவானுகள்."

கபிரியேல் சிரித்தான். காணி கிடைக்கப் போவதைச் சொன்னான். லத்தீப் சிரிக்கவில்லை.

"எழுத்துல ஈக்கா? கடுதாசி தந்தாரா?"

"தொரை வாயால சொன்னாருங்க நானா."

"வாயால சென்னதுக்கு நான் ஒரு கிலோ எலும்பும் குடுக்க மாட்டேன். சரி, எழுத்துக் கேக்க ஒங்களுக்கு நாக்கு வராது. ஒண்டு செய்ங்க. நாலு மூலைக்கும் நாலு கட்டை அடிச்சுத் தரச் செல்லுங்க. கட்டை அடிச்சா பூமியில ஈக்கிற காணி. அடிக்கல்லயா, அது தொரைட தொண்டையில ஈக்கிற காணி. எச்சி முழுங்கினா போயிரும்."

கபிரியேல் மூன்று நாள் ஒத்திகை பார்த்து, தொரையிடம் கட்டையைப் பற்றிக் கேட்டான். தொரை வருத்தப்பட்டார். "என்னை நம்பாமத்தான் இத்தனை வருசம் வேலை செஞ்சியா கபிரியேல்?" என்றார். கபிரியேல் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

பரீட்சை நாளன்று காலையிலேயே மழை. லயத்து ஆட்கள் எல்லோரையும் கைதட்டுவதற்காகப் பங்களாவுக்குக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஜெபமலர் வரவில்லை. "கவர்னரு ஒக்காந்தா நான் தட்டுறேன். நீங்க ஒக்காருறதுக்குத் தட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டாள். ஜெசிந்தினியும் அம்மாவோடு காம்பராவில் நின்றுகொண்டாள்.

கூடாரத்துக்குள் மேசை. மேசையில் முழு வான்கோழி ஒன்று, சுட்டபடி. சேர்மன் இங்கிலீஷில் பேச, ஜேசன் தமிழில் சொன்னார்.

"சேர்மன் சொல்றாரு, நாய் வேற தொழிலாளி வேறன்னு இந்தக் கம்பனி ஒருநாளும் நெனச்சதில்லையாம். ரெண்டு பேரும் ஒரே குடும்பமாம். நாய்க்கு என்னென்ன குடுக்கிறோமோ அதெல்லாம் ஒருநாள் ஒங்களுக்கும் கெடைக்குமாம். பொறுமையா இருக்கணுமாம்."

கைதட்டல் எழுந்தது. கட்டளையை எஜமானே போட வேண்டும் என்பது விதி. சேர்மன் குடைக்குக் கீழே நின்று கவர்னரைச் சுட்டினார்.

"ஸிட்!"

கவர்னர் அவரைப் பார்த்தது. இன்னும் ஏதோ ஒரு சொல் வர வேண்டியிருப்பதுபோலக் காத்திருந்தது. வரவில்லை. கொட்டாவி விட்டது.

கபிரியேல் உட்கார்ந்துவிட்டான். உட்கார வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, முட்டி நினைத்தது. ஈரப் புல்லில், முதுகு நிமிர்த்தி, கை இரண்டையும் முன்னால் ஊன்றி உட்கார்ந்திருந்தான்.

ஜேசனின் முகம் வெளுத்தது. ஆனால் டிப்ளோமா சும்மா வருமா? "சேர், இது ஜோடிப் பயிற்சி," என்றார். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் புள்ளி."

சேர்மனுக்குச் சுவாரசியம் பிடித்தது. இருவரையும் பார்த்து "ஸ்டே!" என்றார்.

கவர்னர் நேரே மேசைக்குப் போய், வான்கோழியை முழுதாகக் கவ்விக்கொண்டு, வேலியைத் தாண்டி லயத்துப் பக்கமாகப் பள்ளத்தில் இறங்கியது. "கம்! கம்!" என்று சேர்மன் கத்தியது மழையில் கரைந்தது. மழை சடசடவென்று வலுத்தது. ஆட்கள் வராந்தாவுக்கு ஓடினார்கள். சேர்மன் சிரித்துக்கொண்டே, வான்கோழி போனால் என்ன, ஆட்டிறைச்சி இருக்கிறது என்று எல்லோரையும் உள்ளே அழைத்துப் போனார். ஃப்ரீ என்று அவர் சொல்லவில்லை.

சின்னம் அச்சிட்ட குடையோடு ஜேசன் கபிரியேலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணே, அசைஞ்சிராதீங்க. நாய் கவுத்திருச்சு. இப்ப மார்க்கு முழுக்க ஒங்க கையிலதான்."

"காணி கெடைக்குங்களா சார்?"

"ஸ்டேயில இருக்கிறப்ப பேசக்கூடாது."

குடை உள்ளே போயிற்று. கபிரியேல் இருந்தான். மழை சட்டைக்குள் இறங்கி, கால்சட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. பங்களாவுக்குள் கரண்டிச் சத்தம் கேட்டது. அவன் மனதுக்குள் நாலு மூலைக்கும் நாலு கட்டை அடித்தான். மேல்மூலையில் ஜெசிந்தினி படிக்க ஒரு அறை வைத்தான். சமைக்கும் குசினிக்கு ஒரு ஜன்னல் வைத்தான்.

அப்போது கீழே, லொறி நிறையக் கருங்கல்லைக் கொட்டியது போல ஒரு சத்தம் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது. என்ன சத்தம் என்றும் தெரிந்தது. முட்டி ஒரு அங்குலம் மேலே வந்தது. இப்போது எழும்பினால் காணி இல்லை. எழும்பாவிட்டால் வீடு இருக்கும், ஆனால் வீட்டுக்குள் யார் இருப்பார்கள் என்பதற்குப் பதில் தெரியவில்லை. இந்தக் கணக்கு முடிவதற்குள் முட்டி தானாகவே கீழே இறங்கிவிட்டது. பயிற்சி அவ்வளவு நல்ல பயிற்சி.

சேறும் தண்ணீருமாக ஜெபமலர் வேலிக்கு அருகில் வந்தபோது, கபிரியேலின் வாய் திறந்தது, உடம்பு திறக்கவில்லை.

"புள்ள?"

"இந்தா பின்னால வர்றா. லயம் போச்சுங்க! நம்ம காம்பராவும் பக்கத்துக் காம்பராவும் மண்ணுக்குள்ள போச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "ஒங்க கவர்னரு கோழியக் கவ்விக்கிட்டு நேரா நம்ம குசினிக்குள்ள வந்து ஒக்காந்துட்டாரு. பங்களாச் சாப்பாட்டை நாமதான் திருடினோம்னு எழுதிருவாங்கன்னு நானும் இவளும் வெளக்கமாத்தைத் தூக்கிக்கிட்டு வெரட்டினோம். அது ஓட, நாங்க ஓட, தண்ணி புடிக்கிற பீலிக்கரையில நின்னு திரும்பிப் பாத்தா வீடு இல்ல."

பின்னால் ஜெசிந்தினி நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் கவர்னர், வாயில் ஒரு எலும்போடு.

"கர்த்தருக்குத் தோத்திரம்," என்றான் கபிரியேல்.

"எந்திரிங்க, போவோம்."

"எந்திரிச்சா மார்க்குப் போயிரும் ஜெபமலர்."

அவள் அவனைப் பார்த்தாள். தண்ணீர் வழியும் தலை, ஊன்றிய கைகள், நேரான முதுகு.

"கட்டுன பொண்டாட்டி மண்ணுக்குத் தப்பி வந்து நிக்கிறேன். எந்திரிக்க மாட்டீங்க?"

"ஸ்டே சொல்லியிருக்காங்க. ஃப்ரீ சொல்லல. இன்னும் கொஞ்ச நேரந்தான். காணி வந்துரும்."

ஜெபமலர் மகளின் கையைப் பிடித்தாள். நாய்ப் பக்கம் திரும்பினாள்.

"கவர்னரு, நீங்க வாங்க. ஒங்க வீட்டுல கொஞ்சம் எடம் குடுங்க எங்களுக்கு."

கவர்னர் வாலை ஆட்டிக்கொண்டு முன்னால் நடந்தது. வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று, இருவரும் உள்ளே போன பிறகு தான் போனது.

தேநீர் நேரத்துக்கு மழை விட்டது. சேர்மன் பல் குத்திக்கொண்டே வராந்தாவுக்கு வந்தார். புல்வெளியில் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தவனைக் கண்டதும் அவருடைய கண் கலங்கிவிட்டது. ஜேசன் தமிழில் சொன்னார்.

"சேர்மன் சொல்றாரு, இப்படி ஒரு ஆள இந்த வயசுவரைக்கும் பாத்ததில்லையாம். மழைக்கும் அசையல, மண்ணுக்கும் அசையல. இதுதான் கம்பனியோட உண்மையான சொத்தாம். மண்ணு சரிஞ்சா சொத்துப் போயிரும்னு நெனக்கிறவங்க இத வந்து பாக்கணுமாம். இனிமே இந்தப் பயிற்சிய எல்லாத் தோட்டத்துலயும் எல்லாருக்கும் குடுக்கப் போறாராம். நாய் இல்லாமலே."

கவர்னர் பெயில் என்று ஜேசன் தயங்கித் தயங்கி அறிவித்தார். சேர்மன் கையமர்த்தினார். "கேக்காம எடுத்தான். எடுத்ததத் திருப்பிக் குடுக்கல. கூப்பிட்டும் வரல. இதெல்லாம் தலைமைப் பண்பு," என்று அதையும் ஜேசனே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. கவர்னர் தலைமைக் காரியாலயத்துக்கு மாற்றப்பட்டது.

கபிரியேல் உட்கார்ந்தபடியே பெரிய தொரையைப் பார்த்தான்.

"தொரை, காணி..."

"அதான் கபிரியேல் எனக்கும் கவலை." தொரையின் குரல் உண்மையிலேயே கனிந்திருந்தது. "காணி ஆபத்தான லயத்துல இருக்கிறவங்களுக்குத்தான். ஒன்னோட காம்பரா இப்ப இல்ல. இல்லாத காம்பராவுல என்னா ஆபத்து? இன்னிக்குக் காலையிலயே நீ கேட்டிருந்தா, நான் மொதப் பேரா எழுதியிருப்பேன்."

"ஆமாங்க தொரை," என்றான் கபிரியேல். வேறு என்ன சொல்வதென்று அவனுக்குப் பழக்கியிருக்கவில்லை.

சேர்மனின் கார் பதுளைப் பக்கம் புறப்பட்டுப் போயிற்று. அவன் இன்னும் அப்படியே உட்கார்ந்திருப்பதை அதற்குப் பிறகுதான் யாரோ கவனித்தார்கள். சேர்மனை ஹாலிஎலயில் வைத்து டெலிபோனில் பிடித்து, செயலாளர் மூலமாக 'ஃப்ரீ' வாங்கி, ஒலிபெருக்கியில் போட்டார்கள். கபிரியேல் எழும்பப் பார்த்தான். கால் எழும்பவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

நாய் வீட்டுக்கு அடுத்த குட்டி வரவிருந்ததால், ஜெபமலரையும் மகளையும் அங்கிருந்து மரியாதையாக வெளியேற்றினார்கள். மூடிக்கிடந்த பழைய ஃபெக்டரியின் மேல்மாடியில், முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில், நாலு பக்கமும் சேலை கட்டிக் குடும்பத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். தற்காலிகமாகத்தான் என்றார் தொரை. ஜெபமலர் ஒருநாள், கோபமில்லாமல், "ஏங்க, ஒக்காருங்க, சோறு போடுறேன்," என்றாள். அவன் உட்கார்ந்தான். அவள் சோறு போட்டு, அவன் அதைப் பார்த்தும் பாராமல் இருப்பதைக் கண்டு, "சாப்பிடலாம்," என்று சொன்ன பிறகுதான் அவன் சாப்பிட்டான்.

கணக்கை மூடும்போது இப்படி வருகிறது. நாய் ஒன்று: பெயில், பதவி உயர்வு. பயிற்சி அதிகாரி ஒருவர்: பணிப்பாளர் ஆனார். கம்பனிக்கு வரவு: அசையாத ஆள் ஒன்று. கபிரியேலுக்கு வரவு: பரீட்சையில் விசேட சித்தி பெற்றதற்கான சான்றிதழ் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டது. பாக்கி: அதைத் தொங்கவிட ஒரு சுவர்.